மருந்துக்கு அடங்காத மடி

என்னங்க,

சுபாங் ஜெயாவில் தங்கை வீட்டில் நலமாக இருக்கிறேன். செவலை மாட்டின் மடி வீக்கம் குறைந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.

மாட்டு டாக்டர் ரிஸ்வானா கெட்டிக்காரர்தான். பாலைச் சோதனைக்கு அனுப்பி, நாம் போட்டுவந்த ஊசி இனி மடியிலுள்ள கிருமியைக் கொல்லாது என்று கண்டுபிடித்தார். நீங்கள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். முழங்கை வரை சாணியோடு நிற்கும் ஒரு பெண்மேல் பொறாமை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

சாப்பிடும்போதும் உங்களுக்கு அதே பேச்சு. "வீக்கம் வத்திருச்சுனு ஊசிய பாதியில நிறுத்தக் கூடாதாம்லா! அதான் கிருமி பழகிக்கிச்சாம். டாக்டர் என்னமா விளக்குறாங்க தெரியுமா?"

தெரியும். இதையே நான் சொன்னபோது, "காலேஜ்ல படிச்சத மாட்டுக்கிட்டப் போய்ச் சொல்லு" என்று சிரித்தீர்கள். அவர் சொன்னதும் தலையாட்டினீர்கள். அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தது நான்.

புது மருந்தை அவர் சொன்ன கடைசி நாள்வரை போடுங்கள். மருந்து முடிந்த பிறகும், அவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலை விற்க வேண்டாம். அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு வலிக்கிறது.

சனிக்கிழமை வந்துவிடுவேன். அடுத்த மாட்டுக்கு மடி வீங்கினால், டாக்டரைக் கூப்பிடக் கைப்பேசியை எடுக்குமுன் ஒருமுறை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பாருங்கள்.

உங்கள் மனைவி