கிண்ணத்தின் அடியில் உப்பு

மே 4, ஞாயிறு, மாலை 5.40. உப்பு அரைத்தது இது ஏழாவது தடவை.

என் வாயாடிக்கு, அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கண் எரிச்சலைத் தவிர. உனக்குச் சளி விட்டதா, எழுது. நேற்று உன் அம்மா போன் செய்து, "அவ இந்த லீவுக்கு அங்க வரலையாம், ஏன்னு குடையாதே" என்றாள். நான் குடையவில்லை. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். போன லீவில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டி, "உங்க வீட்டு பாப்கார்ன்ல உப்பெல்லாம் அடியிலதான்ப்பா கிடக்கு" என்றாய். நான் உப்பைத்தான் பார்த்தேன். 'உங்க வீடு' என்றது நீ கிளம்பிப் போன பிறகுதான் காதில் விழுந்தது. பெயின்ட் கம்பெனியில் பொடி எவ்வளவு நைஸாக அரைபட்டது என்று நாள் முழுக்கச் சோதிப்பவன் நான், உப்பு ஏன் ஒட்டவில்லை என்று எனக்குத் தெரியாதா? துகள் பெரிது, வழுக்கி விழுகிறது, அவ்வளவுதான். அதனால் உப்பை வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து, ஆறவிட்டு, மிக்ஸியின் சின்ன ஜாரில் ஓட்டினேன். இதில் ஒரே விதி, நிறுத்தியதும் மூடியைத் திறக்கக் கூடாது, தூசி அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. ஆறு தடவையும் உடனே திறந்தேன், கண், மூக்கு, தலையெல்லாம் உப்பு. தைத்த சட்டையைக் கொடுக்க வந்த மாடி வீட்டு டெய்லர் அக்கா, "என்ன தம்பி, காலைல கருப்பாத்தானே இருந்துச்சு தலை, அதுக்குள்ள கெழவனாயிட்டியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கதவைச் சாத்திய பிறகு சிரிக்க முடியவில்லை.

இன்று காத்திருந்தேன். வந்துவிட்டது, முகப்பவுடர் மாதிரி. வெண்ணெயில் தண்ணீர் இருக்கிறது, நமத்துப்போகும், அதனால் நெய் விட்டுக் குலுக்கினேன். ஒவ்வொரு பொரியிலும் ஒட்டியது, அடியில் ஒரு துகள் இல்லை. சாப்பிடத்தான் ஆள் இல்லை. எனக்குப் பாப்கார்னே பிடிக்காது, உன்னிடம் சொன்னதில்லை. எழுத எழுதவே தெரிகிறது, நீ வராதது உப்பால் இல்லை. உப்பென்றால் சரிசெய்துவிடுவேன், வேறு எதுவானாலும் எனக்குச் செய்யத் தெரியாது. அம்மாவும் நானும் பிரிந்த புதிதில்கூட போனில் என்னைப் பேசவிடாமல் பேசுவாய், இப்போது 'ம்', 'சரிப்பா', முடிந்தது. உன் படுக்கை விரித்தபடியே கிடக்கிறது, அதைப் பார்க்காமல் சமையலறைக்குப் போக வழியில்லை, வீடு அவ்வளவு சின்னது.

நன்றாக இரு. நன்றாகப் படி என்று சொல்ல மாட்டேன், நன்றாகத் தூங்கு. குளிக்கும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள், போன தடவை மாதிரி வலித்தால் தூக்கிக்கொண்டு ஓட நான் பக்கத்தில் இல்லை.

உன் அப்பா

இனி நான் செய்யப்போவது:
1. உப்பை இறுக மூடி, அடுப்பைவிட்டுத் தள்ளி வைப்பேன். இவ்வளவு நைஸானது ஈரத்தை இழுத்துச் சீக்கிரம் கட்டி தட்டும்.
2. கட்டி தட்டினால் மறுபடி வறுத்து அரைப்பேன்.
3. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்வேன். நீ 'ம்' என்றால், நானும் சும்மா இருப்பேன், போனை வைக்க மாட்டேன்.
4. எப்போது வருகிறாய் என்று கேட்க மாட்டேன்.
5. மறுபடி இரண்டாவதிலிருந்து.