மூன்று நாளுக்கு ஒரு சிரிப்புப் புத்தகம்

எருசலேம்
ஞாயிறு, தீஷ்ரி 4

அன்பு மகள் ஹெம்தாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும், பண்டிகைக்கு ஹைஃபாவிலிருந்து வந்து இன்னும் திரும்பிப் போகாத உன் பெரியம்மா புரூரியாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். மெல்போர்னில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் சொன்ன இருமல் நின்றதா என்று எழுது. இன்று நோன்பு, பொழுது சாய்ந்த பிறகுதான் காபி. இந்தக் கடிதத்தில் காரம் கூடியிருந்தால் அதைப் பட்டினியின் மேல் போட்டுவிடாதே, சாப்பிட்ட பிறகு எழுதியிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். உன் புத்தகத்தை டெல் அவீவ் பதிப்பகம் இந்த மாதக் கடைசியில் அச்சுக்குக் கொடுக்கப்போகிறது என்றும், அதற்கு முன் நான் மட்டும் தனியாகப் படித்து, சுவையாக இருக்கிறதா, அம்மா வருத்தப்படுவாளா என்று இரண்டு வரி எழுத வேண்டும் என்றும், வேண்டாமென்றால் நிறுத்திவிடுவதாகவும் எழுதியிருந்தாய். இரண்டு வரியில் முடியாது. முப்பத்தேழு வருடம் நீதிமன்றச் செய்தி எழுதியவன் நான், நடந்தது நடந்த வரிசையில்தான் எனக்கு எழுத வரும்.

இந்த வருடம் தீஷ்ரி மாதப் புத்தாண்டு வியாழனும் வெள்ளியும் வந்து, சனிக்கிழமை ஓய்வுநாள் அதோடு ஒட்டிக்கொண்டது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் தொலைபேசி இல்லை, வானொலி இல்லை, பெரியம்மாவின் ஒலிநாடாப் பெட்டியும் இல்லை. கண் போன ஆறு வருடமாக அந்தப் பெட்டிதான் அவளுக்குப் புத்தகம், மின்சாரப் பொத்தான் எதையும் பண்டிகையில் தொடக்கூடாது. ஆகவே யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். நீ இருந்தவரை நீ செய்தாய், இப்போது நான். அவள் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள், போர் வேண்டாம், சாவு வேண்டாம், அறிவுரை வேண்டவே வேண்டாம், வயிறு குலுங்க ஒரு புத்தகம் போதும் என்று. நம் வீட்டுப் புத்தகங்களெல்லாம் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்காகப் பதினெட்டு அட்டைப்பெட்டிகளில் போட்டு ஒட்டுநாடா சுற்றியாகிவிட்டது. சரி என்று புதன் காலையில் நம் பேட்டை நூலகத்துக்குப் போனேன். என் சோதனை உனக்குத் தெரியும். புத்தகத்தை நடுவில் திறந்து நின்றபடியே ஒரு பக்கம் படிப்பேன், அந்தப் பக்கம் முடியும்வரை முழங்கால் வலி நினைவுக்கு வரவில்லையென்றால் எடுத்துக்கொள்வேன். இரண்டு மணி நேரத்தில் மூன்று தேறின. ஒன்று கப்பல் சமையல்காரனின் கதை, ஒன்று தேனீ வளர்க்கும் பல் மருத்துவரைப் பற்றியது, மூன்றாவதில் ஒரு விடுதியில் ஏழு மாமியார்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இதைவிட நல்ல மூன்றை யாரும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது என்று இப்போதும் சொல்வேன்.

தவறு என்னுடையதுதான். நூலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இளைஞன் திருட்டைத் தடுக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். மூடிய புத்தகத்தின் பக்க விளிம்புகள் மேலேயே ஊதா மையில் நூலகத்தின் பெயரை முத்திரை குத்திவிடுகிறான். நான் அதைப் பார்த்தேன், நல்ல யோசனை என்று அவனைப் பாராட்டவும் செய்தேன். அந்த நேரத்தில் என் மனைவி யாருடைய மகள் என்பது எனக்கு நினைவில் இல்லை. புதன் இரவு விளக்கேற்றி, ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிட்டு, மேசையை ஒழித்த பிறகு கப்பல் சமையல்காரனை எடுத்தேன். உன் அம்மா என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். புத்தகத்தைத் திறந்தால் விளிம்பில் இருக்கும் எழுத்து உடையும், மூடினால் மறுபடி கூடும், அழிப்பதும் எழுதுவதும் பண்டிகையில் கூடாது. அனுமதிக்கும் குருமார்கள் பத்துப் பேரின் பெயரை என்னால் சொல்ல முடியும், சொன்னேன். அவள் அப்பா வீட்டில் திறக்க மாட்டார்கள், அதோடு பேச்சு முடிந்தது. பெட்டிகளைப் பிரிக்கலாமென்றால் ஒட்டுநாடாவைக் கிழிக்கவும் கூடாது. பிரார்த்தனைப் புத்தகங்களைத் தவிர எழுத்து என்று வீட்டில் மிஞ்சியிருந்தது என் அலமாரியில் பழுப்பு உறையில் கிடந்த உன் தட்டச்சுப் பிரதி, முந்நூற்றுப் பன்னிரண்டு தாள். நீங்கள் மட்டும் படியுங்கள் என்று நீ எழுதியதை முதல் புத்தகம் எழுதிய பெண்ணின் கூச்சம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பண்டிகை கழிந்து நிதானமாகப் படிக்கலாம் என்று ஒரு பக்கம்கூடப் பார்க்காமல் வைத்திருந்தேன். ஹெம்தா எழுதியது, சிரிப்புக் கதையாம் என்று சொன்னதும் உன் பெரியம்மா நாற்காலியைத் தட்டினாள். "நம்ம புள்ளை எழுதினதா? அப்புறம் எதுக்கு மாப்பிள்ளே கப்பலும் தேனீயும்? ஆரம்பிங்க."

அன்று இரவு நேரமாகிவிட்டதால் வியாழன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தேன். நான்காம் பக்கம் வருவதற்குள் பெனினா என்கிற அந்தத் தாய் யார் என்று எங்கள் மூவருக்கும் தெரிந்துவிட்டது. சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு, பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் சமையல் குறிப்பு, மகளுக்குக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு என்றதும் மொத்தம் எத்தனை பேர் எழுதினார்கள் என்ற கேள்வி. உன் அம்மா அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், கதவு திறந்திருந்தது. நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாததற்குக் காரணம், எழுத்து நன்றாக இருந்தது, நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். பூட்டின் சாவி மாதுளம்பழத்துக்குள் அகப்படும் இடத்தில் உன் பெரியம்மாவுக்கு மூச்சு அடைத்து நான் முதுகைத் தட்ட வேண்டியிருந்தது. மகள் வெளிநாடு புறப்படும் நாளில் வாசலில் பெட்டியைத் திறந்து, நல்ல துண்டு வீட்டில் இருக்கட்டும் என்று பெனினா இரண்டு துண்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாளே, அந்த இடத்தில் குழாய்ச் சத்தம் நின்றது. "மூணு துண்டு. ரெண்டு இல்ல" என்று அடுக்களையிலிருந்து உன் அம்மா குரல் வந்தது, குழாய் மறுபடி ஓடியது. பெரியம்மா அதற்கும் சிரித்தாள். இதோடு ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், தந்தை என்று ஒருவர் உன் கதையில் மொத்தம் நான்கு முறை வருகிறார், நான்கு முறையும் செய்தித்தாளுக்குப் பின்னால் இருக்கிறார். அதில் பிழை எதுவும் எனக்குத் தென்படவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஏழாம் அத்தியாயத்துக்கு வந்தோம். கணவன் வெளியூரில் இருக்கிறான். பெனினா இரண்டு வயதுக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அக்காவுக்கு மீன் கொண்டுபோகிறேன் என்று சொல்லி ஒரு நீலப் பானையைத் தூக்கிக்கொண்டு ஹைஃபாவுக்குப் பேருந்து ஏறுகிறாள், திரும்பி வராத எண்ணத்தோடு. நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து யாருக்கும் பங்கு வைக்காமல் அத்தனை மீனையும், தலை உட்பட, ஒருத்தியாகத் தின்கிறாள். எந்தப் பேருந்தில் ஏறுவது என்று முடிவு செய்ய முடியாமல் சாயங்காலம் வரை இருந்துவிட்டு, பானையை பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்த வழியே திரும்புகிறாள். மூடியை எடுத்துப்போக மறந்ததால் அது மட்டும் வீட்டில் மாட்டியிருக்கிறது. மிகவும் வேடிக்கையாக எழுதியிருக்கிறாய், கையைக் கழுவ அவள் தண்ணீர் தேடி அலைவதைப் படிக்கும்போது எனக்கே குரல் தடுமாறியது. பெரியம்மா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "அடிப்பாவி, அப்போ அது எனக்கு வர வேண்டிய மீனா?" என்றாள். நான் தாளிலிருந்து தலையைத் தூக்கினேன். அடுக்களைச் சுவரில் ஆணியில் தொங்கும் நீல மூடி தெரிந்தது. பானையில்லாத மூடியை எதற்கு வைத்திருக்கிறாய் என்று முப்பத்து நான்கு வருடமாக நான் கேட்டு வருகிறேன், நீயும் கேட்டிருக்கிறாய். உனக்கு இரண்டு வயதாக இருந்தபோது ஒரு கொலை வழக்குக்காக மூன்று வாரம் பேர்ஷெபாவில் தங்கியிருந்தேன். உன் அம்மா மூடிக்குக் கீழே கையில் துணியோடு நின்றுகொண்டிருந்தாள். கண் தெரியாத அக்கா, தங்கை அங்கே நிற்பது தெரியாமல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். "பானை நீலம் இல்ல, வெள்ளை" என்றாள் உன் அம்மா. "மூடிதான் நீலம். ஜோடி சேராததுன்னு பாதி விலைக்குக் குடுத்தான்." அப்போதுதான் பெரியம்மாவின் சிரிப்பு நின்றது. ஒரே நிமிடம்தான் ஹெம்தா, பிறகு மறுபடி தொடங்கியது, முன்னைவிட மெதுவாக, அடக்க முடியாமல்.

அன்று அதற்குமேல் படிக்கவில்லை. சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் தாள்களை உறைக்குள் போட்டேன். உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இத்தனை வருடத்தில் முதல்முறையாகப் பண்டிகை மதியத்தில் எங்களோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். போதும் என்று நான் சொன்னேன், தலைவலி என்று அவள் அக்காவும் சொன்னாள். "சிரிப்புப் புத்தகம் வேணும்னு கேட்டது நீதானே அக்கா? கேளு. நீங்க படிங்க" என்றாள் உன் அம்மா. மீதி நூற்றிருபது தாளையும் படித்தேன், ஒரு வரிகூட விடவில்லை. பெனினா இறந்துபோகிறாள். விமானச் சீட்டு விலை ஏறிவிட்டதால் மகள் அடக்கத்துக்கு வரவில்லை, பிறகு வந்து வீட்டைக் காலி செய்கிறாள், பழைய சாமான்காரன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மூடியை மட்டும் வேண்டாம் என்று வாசலில் வைத்துவிட்டுப் போகிறான். அந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று நீ எழுதியிருக்கிறாய். சிரிக்கும்படியாகத்தான் இருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து, பண்டிகையை வழியனுப்பியதும், உன் அம்மா கத்தரிக்கோலை எடுத்துப் பதினெட்டுப் பெட்டிகளின் நாடாவையும் வெட்டினாள். எதையும் வெளியே எடுக்கவில்லை, வெட்டியதோடு சரி. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எப்ப என்னைப் பத்திக் கேட்டீங்க? மூடியைப் பத்தித்தான் கேட்டீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஹெம்தாகிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள். இதை நான் எழுத வேண்டியதில்லை, ஆனால் அவள் சொன்னாள், ஆகவே எழுதுகிறேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில். சுவையாக இருக்கிறது. பல் மருத்துவரையும் ஏழு மாமியார்களையும்விட நன்றாக இருக்கிறது. என் சோதனையில் ஒரு பக்கம்கூடத் தோற்கவில்லை, மூன்று நாளும் முழங்கால் வலி நினைவுக்கே வரவில்லை. சாட்சிக்கூண்டுக்கு வெளியே, நடைபாதையில் ஒருவர் அழுதுகொண்டே என்னிடம் சொன்னதை நான் ஒருநாளும் பத்திரிகையில் போட்டதில்லை. அது என் வழக்கம், உன் தொழில் வேறு, அதனால் உன்னைத் தடுக்க மாட்டேன். அம்மா வருத்தப்படுவாளா என்ற கேள்விக்கு அவளையே கேட்டேன், நீ கேட்டிருக்க வேண்டிய ஆளும் அவள்தான். அச்சடிக்கட்டும் என்றாள். மூன்று துண்டு, வெள்ளைப் பானை, இந்த இரண்டையும் திருத்தச் சொன்னாள். அச்சானதும் தனக்கு ஒரு பிரதி வேண்டுமாம், விளிம்பில் எந்த முத்திரையும் இல்லாமல், பண்டிகையில் திறந்து படிக்கிற மாதிரி. பெரியம்மாவுக்கு அதை ஒலிநாடாவிலும் கொண்டுவருவார்களா என்று தெரிய வேண்டுமாம். இதை அவள் வெட்கமில்லாமல் கேட்டாள், நானும் அப்படியே எழுதிவிட்டேன்.

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, வேலைக்குப் போகுமுன் ஏதாவது சாப்பிடு. இந்த வருடம் கடவுளின் ஏட்டில் உன் பெயர் நல்ல பக்கத்தில் எழுதப்படட்டும், அதை எழுதுகிறவர் எங்களைப் பற்றி நீ எழுதியதைவிடக் கொஞ்சம் இரக்கத்தோடு எழுதட்டும். இதோடு ஒரு பார்சலும் கப்பலில் வருகிறது, ஆறு வாரமாகும், வந்ததும் தபால் நிலையத்தில் மறக்காமல் வாங்கிக்கொள். உன் அம்மா தானே கட்டியது. உள்ளே நீல மூடி இருக்கிறது. வழியில் அடிபடாமல் இருக்க ஒரு துண்டில் சுற்றியிருக்கிறாள், அந்த மூன்றில் ஒன்று. மற்ற இரண்டும் வீட்டில் இருக்கட்டும் என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
எல்காநா