தடியனும் ஏழு ஊற்றும்

செப்டம்பர் 2, செவ்வாய்

ஆபீஸ் ஜீப் ஒருவழியாக மண்டையைப் போட்டது. ஓட்டுநர் ஓய்வு பெற்று ஒரு வாரம்தான் ஆகிறது. அவர் இல்லாத ஊரில் தனக்கென்ன வேலை என்று அதுவும் கிளம்பிவிட்டது. இனி சரிசெய்ய முடியாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

மத்தியானம் அதிகாரி கூப்பிட்டார். என்னைவிட ஒன்பது வயது இளையவர். கெட்டவர் இல்லை, கணினியைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர், அவ்வளவுதான். "மேடம், மேல இருக்கிற ஏழு ஊற்றையும் இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை வெளியாளுங்க வந்து டெஸ்ட் பண்ணிக்குவாங்க. நீங்க இங்கயே ஃபேனுக்குக் கீழ பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுற வேலையப் பாருங்க."

மூன்று மாதமா? பதினாறு வருஷமாக வாராவாரம் போய் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருகிறேன். போன மழையில் ஆறாம் ஊற்றில் கிருமி இருக்கிறது என்று மறுநாளே சொன்னதால்தான் அங்கே ஒரு பிள்ளைகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கவில்லை. மூணு மாசம் கழிச்சு சொன்னா என்னத்துக்கு ஆகும்? என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது: "நானே போய்க்கிறேன் சார், என் வண்டில."

எந்த வண்டி? என்னிடம் சொந்தமாக இருப்பது ஒரு குடை.

அவர் முதல்முறையாகக் கணினியை விட்டு என்னைப் பார்த்தார். "முப்பதாம் தேதிக்குள்ள ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. ஏழு பாட்டிலும் எடுத்த ஆறு மணி நேரத்துக்குள்ள லேபுக்கு வந்தாகணும். வந்துட்டா பழையபடியே எழுதிடுறேன்."

ஆறு மணி நேரம் தாண்டினால் பாட்டில் செல்லாது. அது எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 3, புதன்

இவரிடம் சொன்னேன். பேக்கரியில் ரொட்டி அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டிருந்தார், இழுத்தது பாதியில் நின்றது.

"நீ சைக்கிள் ஓட்டி எத்தனை வருஷம் ஆச்சு?"

"அதெல்லாம் மறக்காதுங்க."

"மறக்காது. முட்டி ஞாபகம் வெச்சிருக்கணுமே."

உட்கார்ந்து யோசித்தோம். பஸ் கடைசி நிறுத்தம்வரை போகும். அங்கிருந்து மேலே பத்தொன்பது கிலோமீட்டர். சரளை, பள்ளம், ஓர் ஓடை, மறுபடி சரளை. மிதித்தால் நாக்குத் தள்ளிவிடும், அதனால் மோட்டார் வேண்டும். பஸ்ஸில் ஏற வேண்டும், அதனால் மடிய வேண்டும். மடியும் மின்சார சைக்கிள். இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு நேற்றுவரை தெரியாது, இன்றைக்கு அது இல்லாமல் இருக்க முடியாது போல இருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

கடை. மூன்று மடியும் சைக்கிள்கள். கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் வாரண்டி. எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார். பிரேக் பிடிக்குமா என்றால் வாரண்டி இருக்கு என்கிறார்.

முதலாவது சிவப்பு. ஒல்லி டயர். பதினாறு கிலோ. குடையை மடிப்பது போல ஒரே தட்டு, மடிந்துவிட்டது. இரண்டாவது சாம்பல் நிறம், நடுத்தரம், நல்ல பையன் போல இருந்தது, முகம் ஞாபகமில்லை. மூன்றாவது ஒரு கறுப்புத் தடியன். டயர் என் முழங்கை கனம். இருபத்தேழு கிலோ. மடித்தால் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

"அக்கா, இது எந்த மலைக்கும் போகும்," என்றார் தடியனைத் தட்டி.

"மலைக்குப் போறது இருக்கட்டும், என்னால பஸ்ல ஏத்த முடியுமா?"

"ஃபிரேமுக்கு அஞ்சு வருஷம் வாரண்டி இருக்கு."

கையில் இருந்த டேப்பால் மூன்றின் மடித்த அகலத்தையும் அளந்து குறித்துக்கொண்டு வந்தேன். தடியன் நாற்பத்துநான்கு சென்டிமீட்டர்.

செப்டம்பர் 6, சனி

சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

செப்டம்பர் 8, திங்கள்

கண்டக்டரிடம் பேசினேன். சட்டம் தெரிந்த மனிதர். "சைக்கிள் ஏத்தக் கூடாதுக்கா. மூட்டைன்னா ஏத்தலாம்." மடித்து மூட்டைக்குள் போட்டால்? நெற்றியைச் சொறிந்தார். "மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு நான் ஏன் கேக்கப் போறேன்?"

டிக்கியில் ஸ்டெப்னி டயர் போக மீதி இருக்கும் சந்தை அளந்தேன். நாற்பத்தைந்து. மூன்றுமே நுழையும். சாயங்காலம் இவர் நான்கு மாவுச் சாக்கைப் பிரித்துச் சேர்த்துத் தைத்து ஒரு பெரிய உறை செய்தார். வாயெல்லாம் ஊசி, முகமெல்லாம் மாவு. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தைத்தார்.

செப்டம்பர் 10, புதன்

நான் பரிசோதனைக்காரி. கண்ணை நம்பி எதையும் வாங்க மாட்டேன்.

கடைக்குப் பின்னால் கட்டட இடிபாடு கொட்டிய ஒரு சந்து இருக்கிறது. ஒரே அளவு தண்ணீர், ஒரே ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, ஒரே மாதிரி மூன்று பாட்டில்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒன்றைக் கட்டி நான்கு தடவை போய் வந்தேன். மலைச் சரளையில் என்னையும் பாட்டிலையும் எது அதிகம் குலுக்குமோ அதில் நுரை அதிகம் எழும். எந்தப் பாட்டில் எந்த வண்டி என்று எனக்குத் தெரியக் கூடாது. இவர் பாட்டில்களை மாற்றி வைத்துக் குறிமட்டும் எழுதி, விடையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாரண்டி தன் பங்குக்கு மூன்றுக்கும் காற்றடித்துக் கொடுத்துவிட்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரசித்தார்.

நுரையை ஸ்கேல் வைத்து அளந்தேன். 'உ' அறுபத்தொரு மில்லிமீட்டர். 'ப' நாற்பது. 'ட' பதினெட்டே பதினெட்டு. அடடா, 'ட' தான் என் சிவப்பு என்று மனசு குதித்தது. இவர் சீட்டைப் பிரித்தார்.

'ட' தடியன். அறுபத்தொன்று என் ராசாத்தி.

செப்டம்பர் 11, வியாழன்

எழுத வெட்கமாக இருக்கிறது. மத்தியானம் தனியாகக் கடைக்குப் போனேன். நேற்று ஏதோ தப்பு நடந்திருக்கும், சிவப்பை மட்டும் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று. இந்தத் தடவை நுரை எழவே இல்லை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகா என்று வீட்டுக்கு வந்து பறைசாற்றினேன்.

"பாட்டில எவ்ளோ ரொப்பின?" என்று மட்டும் கேட்டார் இவர்.

கழுத்துவரை. மூடிவரை. காற்றுக்கு இடமே இல்லாமல். காற்று இல்லாவிட்டால் நுரை எங்கிருந்து வரும்? பாட்டிலில் இடம் விடணும், பிடிச்ச முடிவு வர்றவரைக்கும் டெஸ்ட் பண்ணிட்டே இருக்கக் கூடாது — புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் பதினாறு வருஷமாகப் பாடம் எடுக்கிறேனே, நானா?

நானேதான். சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

தடியன் வீட்டுக்கு வந்துவிட்டான். கூடத்தில் பாதி அவன்தான். வாரண்டி டயரில் காற்றைக் கல் மாதிரி அடித்துக் கொடுத்து, மணியும் இனாமாகப் போட்டார். சிவப்பைத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். ஒரே ஒரு தடவை பார்த்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

பயிற்சி. மைதா மூட்டை இருபத்தைந்து கிலோ. எங்கள் ரொட்டிக் கடைத் திண்டிலிருந்து தூக்கித் தரையில் வைப்பது, தரையிலிருந்து திண்டுக்கு ஏற்றுவது. காலையில் எட்டு முறை. ரொட்டி வாங்க வந்த பெண்மணி, "வீட்டுக்காரர் வேலைக்கு ஆள் வெச்சிருக்காரா?" என்று கேட்டாள். "சம்பளம் இல்லாத ஆள்," என்றார் இவர். முதுகு வலிக்கிறது. ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

நுழையல.

முதல் பஸ், ஐஸ் பெட்டி, ஏழு பாட்டில், சாக்குக்குள் தடியன், எல்லாம் சரி. தூக்கினேன், நானே தூக்கினேன். ஆனா டிக்கில நுழையவே இல்ல. இரண்டு விரல் கனம் வெளியே நின்றது. கண்டக்டர் தள்ளினார், டிரைவர் இறங்கி வந்து தள்ளினார், ஒரு பயணி காலால் தள்ளினார். "அக்கா, நேரம் ஆகுது," என்றார் கண்டக்டர், பாவம், அவருக்கே சங்கடம். பஸ் போய்விட்டது. நிறுத்தத்தில் நானும் மூட்டையும்.

எப்படி? நானே அளந்தேனே. நாற்பத்துநாலுன்னு என் கையாலதான எழுதினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னும் இருப்பது ஒரே ஒரு வியாழன். மற்ற நாளில் லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் இன்குபேட்டர் பெட்டி நமக்குக் காலியாக இருக்காது.

இவர் அடுப்பை விட்டுவிட்டு ஏப்ரனோடு ஓடி வந்தார். சாக்கைப் பிரித்து, மாவைப் பார்ப்பது போலக் கட்டைவிரலால் டயரை அமுக்கினார். "என்ன இது, அளவுக்கு மேல உப்பிப் போயிருக்கு? கடைல பாத்தப்ப தொளதொளன்னுல்ல இருந்துச்சு?"

கடையில் நிற்கும் வண்டிக்கு யார் காற்றடிப்பார்கள்? நான் அளந்தது தொங்கிப்போன டயரை. அளவை எழுதினேன், எந்த நிலையில் அளந்தேன் என்பதை எழுதவில்லை. இதே தப்புக்காக எத்தனை பேருடைய படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அவர் வால்வை அமுக்கினார். உஸ்ஸ்ஸ் என்றது. நாற்பத்தேழு, நாற்பத்தாறு, நாற்பத்துநாலரை. நடைபாதையில் மண்டியிட்டு இரண்டு பேரும் டேப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை ஊரே பார்த்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

பாதிக் காற்றோடு இடிபாட்டுச் சந்து. பாட்டிலில் சரியாக இடம் விட்டு. நுரை ஏழு மில்லிமீட்டர். ஏழு. காற்று குறைந்ததும் கல்லின்மேல் ஏறுவதே தெரியவில்லை. வாரண்டியிடம் சொன்னேன். "அதுக்குத்தான்கா குண்டு டயர்," என்றார், எல்லாம் அவர் திட்டம் போல.

செப்டம்பர் 25, வியாழன்

நாள் முழுக்க ஹேண்டில் பிடித்த கை, கோணல் மாணலாகத்தான் எழுதும்.

தடியன் டிக்கிக்குள் வழுக்கிக்கொண்டு போனான். ஏழரைக்குக் கடைசி நிறுத்தம். திரும்பும் பஸ் பன்னிரண்டரை; அதை விட்டால் நான்கு மணிக்குத்தான், முதலில் பிடித்த பாட்டில்கள் செத்துவிடும். ஜீப் ஓட்டுநர் எப்போதும் ஏறும்போதே பிடித்துக்கொண்டு போகச் சொல்வார். நான் மாற்றினேன். காலிப் பாட்டிலோடு நேரே உச்சிக்கு, ஏழாம் ஊற்றிலிருந்து இறங்கு வரிசை. முதல் பாட்டிலின் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகத்தான் ஓட ஆரம்பிக்கும். பதினாறு வருஷம் இது தோன்றவில்லையே.

மோட்டார் முனகிக்கொண்டே ஏறியது. ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். பேட்டரியைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஒரு நடை, தடியனைத் தள்ளிக்கொண்டு மறு நடை. அதற்கு மேல் சரளை. எனக்கு நாற்பத்தெட்டு வயது, மலையில் யாருமில்லை, மணியை அடித்துக்கொண்டே போனேன். எதற்கு? சும்மாதான்.

நாலாம் ஊற்று அக்கா வாசலிலேயே நின்றாள். வாராவாரம் போன் செய்து ஒரே கேள்வி கேட்பவள்: "தண்ணிக்காரி, குடிக்கலாமா?" தடியனைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஜீப்பு சுருங்கிப்போச்சா?" என்றாள். பிறகு, "நீ இனிமே வர மாட்டேன்னு சொன்னாங்கடி," என்றாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

கடைசி வளைவில் ஹார்ன் சத்தம். மணி 12:31. கண்டக்டர் படியில் நின்று டிரைவரோடு எதையோ தேடுவது போல நடித்துக்கொண்டிருந்தார். அவரே மூட்டையைத் தூக்கினார். "என்னக்கா, மூட்டை சுடுது?"

"கேக்க மாட்டேன்னு சொன்னீங்க."

லேபில் பாட்டிலை வைத்தபோது 1:50. ஏழாம் ஊற்று பிடித்தது 9:20.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்குபேட்டரிலிருந்த ஏழு பரிசோதனைத் தட்டுகளையும் திறந்தேன். ஆறு சுத்தம். நாலாவதில் கிருமிப் புள்ளிகள். எண்ணவே வேண்டாம், அவ்வளவு.

அதிகாரி பக்கத்தில்தான் நின்றார், எழுதிக் கொடுக்கும் காகிதத்தோடு. நான் முதலில் அக்காவைக் கூப்பிட்டேன். பதினாறு வருஷத்தில் அவளிடம் முதல் தடவையாகச் சொன்னேன்: "குடிக்காதீங்கக்கா. கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும், பிள்ளைங்களுக்கும். எல்லார் வீட்டுக்கும் சொல்லிடுங்க." "மேல்கரை சரிஞ்சிருக்குடி, பத்து நாளாச்சு," என்றாள். "சரி, இப்பவே போய்ச் சொல்றேன்."

போனை வைத்தேன். மூன்று மாதம் என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. காகிதத்தை என் மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். வாராவாரம் என்று இருந்தது. கரையைச் சரிசெய்ய ஆட்களும் மருந்தும் நாளைக்கே அனுப்புவதாகச் சொன்னார். போகும்போது திரும்பி, "மேடம், அந்த வண்டி எத்தனை கிலோ?" என்றார்.

செப்டம்பர் 29, திங்கள்

அதிகாரி இடிபாட்டுச் சந்தில் தடியனை ஓட்டினார். மணி அடித்தார்.

அக்டோபர் 2, வியாழன்

ஏழு பாட்டில். காந்தி ஜெயந்தி, தண்ணீருக்கு ஏது விடுமுறை? 12:18-க்கே நிறுத்தம். கண்டக்டர் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

நாலாவது தட்டை வெளிச்சத்தில் மூன்று கோணத்தில் பார்த்தேன். ஒரே ஒரு தடவைதான் பரிசோதனை. பிடித்த முடிவு வர வேண்டும் என்பதற்காக எதையும் செய்யவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

போன் செய்தேன். "குடிக்கலாம்கா."

குடத்தைச் சாய்க்கும் சத்தம், டம்ளரில் தண்ணீர் விழும் சத்தம், பிறகு மடக் மடக் என்று குடிக்கும் சத்தம். முழு டம்ளரும்.

"ம், இப்ப சொல்லு," என்றாள்.