மேபெலின் நல்ல பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

மழை. காற்றில் ஓடும் என் சின்ன உளி மறுபடி மக்கர் பண்ணியது. அதைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்த நேரம் பார்த்து, பல்கலைக்கழகத்திலிருந்து இமோஜன் ஃப்ரேன் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். கையில் இஸ்திரிப்பெட்டி அளவில் ஒரு ஸ்கேன் கருவி. மேபெலின் மண்டையோட்டை வெளிப்புறம் முழுக்கப் படம் பிடித்து, அவள் எவ்வளவு பலமாகக் கடித்திருப்பாள் என்று கணக்கிடப் போகிறாளாம்.

மேபெலை நம்பித்தான் எங்கள் அருங்காட்சியகமே ஓடுகிறது. பதினைந்து கோடி வருஷத்துக்கு முன் இந்தக் கடலில் திரிந்த ப்ளையோசர். நாலு துடுப்பு, முதலை வாய், தலை மட்டுமே இரண்டு மீட்டர். பத்தொன்பது வருஷத்துக்கு முன் பாறைச் சரிவிலிருந்து துண்டு துண்டாக மூட்டையில் வந்தவளைச் சுத்தம் செய்து, ஒட்டி, நிற்க வைத்தது நான்தான்.

மே மூன்றாம் தேதி புதுக் கண்காட்சி. "கடியில் யார் கில்லாடி?" என்று பெயர் வைத்திருக்கிறார் பொறுப்பாளர் கிரகாம். "டி-ரெக்ஸை மட்டும் நம்ம பொண்ணு தோற்கடிச்சுடட்டும் ராஸ், லண்டன்லேருந்து பஸ் புடிச்சு வருவாங்க பாருங்க" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

இமோஜன் கொடுத்த கட்டுரைகளில் மூழ்கிவிட்டேன். அடுப்பில் மாட்டிறைச்சி கருகியது. என் கணவன் டென்ஸில் கசாப்புக்கடைக்காரன், நல்ல துண்டாக எடுத்துவந்தவன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

உயிருள்ள பிராணிகளில் அளந்து பார்த்ததில் உப்புநீர் முதலைதான் முதலிடம். ஏறக்குறைய ஒன்றே முக்கால் டன். மனிதனுக்குக் கடைவாயில் எழுபது, எண்பது கிலோ தேறினால் பெரிது. டி-ரெக்ஸுக்கு ஒருவர் மூன்றரை டன் என்கிறார், இன்னொருவர் ஆறுக்குப் பக்கம் என்கிறார். மெகலோடான் சுறாவுக்குப் பத்து டன்னுக்கும் மேலாம். அதற்குப் பல்லும் கொஞ்சம் முதுகெலும்பும் தவிர மிஞ்சியது மிகக் குறைவு! பெரிய கோரைப்பல் காட்டிப் பயமுறுத்தும் வாள்பல் பூனையின் கடியோ சிங்கத்தைவிட நோஞ்சான்.

பெரியது பலமாகக் கடிப்பதில் என்ன அதிசயம்? உடம்பு எடைக்கு இவ்வளவு என்று பார்த்தால், டாஸ்மேனியன் டெவில் என்ற குட்டிப் பிராணி சிங்கத்தை ஓரம் கட்டிவிடுகிறது. அது ஏன்? தெரிந்தே ஆக வேண்டும் எனக்கு.

மார்ச் 16, ஞாயிறு

சோதனை. களிமண் கட்டியில் மாட்டுக் கொழுப்பைத் தடவி எங்கள் நாய் டஃபியிடம் கொடுத்தேன். கடித்தது. அதே ஆழத்துக்குக் களிமண்ணை அழுத்த எத்தனை கிலோ வேண்டும் என்று பட்டறையில் எடை ஏற்றிப் பார்க்கலாம்.

"நாய் கடிச்சா ஆராய்ச்சி, நான் கடிச்சா மட்டும் என்னவாம்?" என்று டென்ஸிலும் வாங்கிக் கடித்தான். பல்செட் களிமண்ணிலேயே நின்றுவிட்டது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மார்ச் 28, வெள்ளி

கணக்கு வந்துவிட்டது. ஆறேகால் டன்! கிரகாம் மேபெலின் மூக்கில் முத்தம் கொடுத்தார். "டி-ரெக்ஸ் காலி" என்று வாசலில் போர்டு வைக்கச் சொல்லி அச்சுக்கு அனுப்பிவிட்டார். இமோஜனுக்கு இதுதான் முதல் பெரிய கட்டுரை. ஆகஸ்டில் அவள் வேலை முடிகிறது. கட்டுரை வந்தால் நீட்டிப்பார்கள்.

"உங்க கைதான் ராஸ் காரணம். இவ்வளவு சுத்தமான மண்டையோடு நான் பார்த்ததே இல்ல."

வீடு வரும் வரை கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 29, சனி

ஆறேகால். மேபெலைவிடப் பெரிய ப்ளையோசர் தலைகளுக்குக்கூட இவ்வளவு வரவில்லையே. எங்கிருந்து வருகிறது?

ஏப்ரல் 3, வியாழன்

இன்று கேட்டேன். இமோஜன் கணினியில் மண்டையோட்டைச் சுழற்றிக் காட்டினாள். பின்பக்கம் கண்ணுக்குப் பின்னால் ஒரு பெரிய திறப்பு. கடிக்கும் தசை அதன் வழியாகத்தான் இறங்குகிறது. திறப்பு அகலமானால் தசை தடிமன், தசை தடித்தால் கடி பலம். வலது பக்கம் நசுங்கிக் கிடப்பதால் அதை விட்டுவிட்டாளாம். நல்ல நிலையில் இருந்த இடது பக்கத்தை எடுத்து, அதையே வலதுக்கும் கண்ணாடிபோலத் திருப்பி வைத்திருக்கிறாள்.

இடது பக்கம்.

திறப்பின் ஓரத்தில் ஒரு வழவழப்பான வளைவு. அதை நான் எங்கேயும் அடையாளம் காண்பேன். எலும்பு இல்லாத இடத்தை நிரப்ப அப்பும் பசையான பட்டியை நான் கத்தியால் வழிப்பதில்லை, பெருவிரலால் வழிப்பேன். அது என் பெருவிரல்.

இடது பின்பகுதியைக் கடல் கொண்டுபோயிருந்தது, பட்டியால் அதைச் செய்து வைத்தது நான். நசுங்காமல் இருக்கிறதென்றால் ஏன் நசுங்கவில்லை? அது எலும்பே இல்லை, அதனால்தான்! எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. வாசலிலிருந்து பார்க்கிறவனுக்குப் பட்டி தெரியக் கூடாது. கைநீட்டும் தூரத்துக்கு வந்தால் தெரிந்தாக வேண்டும். எலும்பைவிடக் கொஞ்சம் வெளிறலாக வர்ணம் தீட்டி, பதிவுத்தாளிலும் எழுதி வைக்க வேண்டும். அப்போதைய பொறுப்பாளர் ஒட்டே தெரியக் கூடாது என்று கேட்டார். நான் அதற்கும் ஒருபடி மேலே போய், மூக்கு உரசினாலும் தெரியாதபடி தீட்டினேன். பெருமைக்காக. பதிவுத்தாளில் "சிறு சீரமைப்பு" என்று இரண்டே வார்த்தை.

இமோஜனிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சொல்லணும். சொன்னா அந்தப் பொண்ணு வேலை போயிடுமோ? சொல்லலன்னா? — ஐயோ, என் கையைப் பாராட்டினாளே, அதை நெனச்சாத்தான் வெக்கமா இருக்கு.

ஏப்ரல் 7, திங்கள்

டென்ஸிலிடம் கொட்டினேன். ஆட்டுத்தொடையை வெட்டிக்கொண்டே கேட்டான்.

"செத்து பதினஞ்சு கோடி வருஷமாச்சு. அது வந்து இல்லேன்னு சொல்லப் போகுதா?"

"நான் இருக்கேன்ல."

"இரு. அதுக்கு ஏன் நீயே போய்க் கழுத்தை நீட்டுறே?"

"உன் கடையில பன்றியை ஆடுன்னு சொல்லி வித்தா நீ சும்மா இருப்பியா?"

கத்தியை வைத்துவிட்டான். "போய்ச் சொல்லித் தொலை. டீ போட்டு வைக்கிறேன்."

ஏப்ரல் 8, செவ்வாய்

சொல்லிவிட்டேன். வார்த்தையில் சொல்லத் தைரியம் வரவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பட்டியை ஒளிர வைத்துக் காட்டிக்கொடுக்கும் புற ஊதா விளக்கைப் போட்டேன். எலும்பு மங்கலாகக் கிடந்தது. இடது பின்பகுதி முழுக்கப் பால்போலப் பளீரென்று ஒளிர்ந்தது. என் பெருவிரல் ரேகைகூடத் தெரிந்தது.

இமோஜன் திறப்பின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "அகலம் எப்படி முடிவு பண்ணீங்க?" என்றாள்.

உண்மையில் எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. "மேல் அலமாரியில ஒரு முதலை மண்டையோடு இருந்துச்சு. அதைப் பார்த்து."

"அப்போ என் கணக்குல பாதி முதலை."

"பாதி முதலை, பாதி நான்."

அவள் சிரிக்கவில்லை. கோட்டுகூடப் போடாமல் கடற்கரைக்குப் போனாள். மழையில் நனைந்து திரும்பி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "வேற எங்கெல்லாம் கை வச்சீங்க? ஒண்ணு விடாமக் காட்டுங்க."

ஐந்து மணி வரை காட்டினேன். பதினோரு இடம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நசுங்கிய வலது பக்கத்தை இமோஜன் கணினியில் மெல்ல மெல்ல விரித்து, எலும்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டாள். மூன்றரைக்கும் நாலேகாலுக்கும் நடுவில். முதலையைப்போலக் குறைந்தது இரண்டு மடங்கு, ஆனால் டி-ரெக்ஸை வென்றாளா என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது.

கிரகாம் கத்தினார். "போர்டு அச்சாகி வந்தாச்சு ராஸ்! பத்தொன்பது வருஷமா வாயை மூடிட்டிருந்தீங்க, இன்னும் மூணு வாரம் மூடியிருக்கக் கூடாதா?"

அந்தப் பத்தொன்பது வருஷத்தைப் பொறுத்தவரை அவர் கேட்டது நியாயம்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

பதினோரு இடத்தையும் வெளிறிய சாம்பல் வர்ணத்தில் மாற்றித் தீட்டினேன். என் வாழ்க்கையின் ஆகச் சிறந்த வேலையை நானே அழித்தேன். அழுதேன். பதிவுத்தாளில் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மே 3, சனி

திறப்பு. கிரகாம் போர்டில் "டி-ரெக்ஸ் காலி" என்பதன் மேல் தாள் ஒட்டி, "டி-ரெக்ஸ் காலியா?" என்று எழுதிவிட்டார். கெட்டிக்காரர்தான். கூட்டம் மெகலோடானிடம்கூட நிற்கவில்லை, மேபெலிடம் வந்து, "இதுல சாம்பல் கலர்ல இருக்கே, அது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். தொண்டை கட்டிவிட்டது.

இமோஜனைக் காணவில்லை. அவள் வேலை பற்றி ஒரு தகவலும் இல்லை. கேட்க எனக்கு முகமில்லை.

ஜூன் 12, வியாழன்

ரயிலில் எழுதுகிறேன், கையெழுத்து ஆடுகிறது. இமோஜன் எதிரே தூங்குகிறாள். அவள் வேலையை இரண்டு வருஷத்துக்கு நீட்டிவிட்டார்கள். ஆனால் யார் பலமாகக் கடித்தார் என்பதற்கு அல்ல. இதுவரை எல்லாரும் கடிக் கணக்குக்கு எடுத்த மண்டையோடுகளில் எவ்வளவு எலும்பு, எவ்வளவு பட்டி என்று பார்க்க. அதற்குப் பட்டி வைத்துப் பழகிய கண் வேண்டுமாம். கூட வர முடியுமா என்று ஒரு வரி எழுதியிருந்தாள்.

இன்று முதலாவது அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தோம். அவர்களிடம் ஒரு பெரிய தலை இருக்கிறது. தாடையெல்லாம் அப்படியே முழுசாக. "எங்கேருந்து ஆரம்பிக்கலாம் ராஸ்?" என்றாள் இமோஜன்.

"நல்ல பக்கத்துலேருந்து."

திரையை இழுத்து, புற ஊதா விளக்கைப் போட்டோம். பால்போல ஒளிர்ந்தது. குனிந்து பார்த்தேன். ஓரத்தில் ஒரு பெருவிரல் ரேகை, என்னுடையதைவிடச் சின்னது.