பேர் கேட்ட கம்ப்யூட்டர்

1987 மே 12, செவ்வாய்

நாமக்கல் கம்ப்யூட்டர் சென்டரில் இன்று என் மானம் போனது. மகள் சுமதியைக் கூட்டிவரப் போனேன்; அவள் எழுதிய புரோகிராம் திரையில் இங்கிலீஷில் என் பேரைக் கேட்டது. நானும் மரியாதையாக, "பழனிசாமிங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவளோடு படிக்கும் பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

"டைப் அடிக்கோணுங்கப்பா!" என்றாள். அடித்தேன். 'ஹலோ பழனிசாமி' என்றது. அதற்கு 'ங்க' போடத் தெரியவில்லை.

அப்புறம் புதிதாகப் படித்த 'வைல்' என்ற இங்கிலீஷ் சொல்லைக் காட்டினாள். அதைப் போட்டால், சரியான பதில் வரும்வரை கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பக் கேட்குமாம். "அதுக்குச் சலிக்காதா சாமி?" என்று மகளைக் கேட்டேன். மறுபடியும் சிரிப்பு.

பஸ்ஸில் வரும்போது சுமதி, "நாளைக்கு நீங்க வெளியவே நில்லுங்கப்பா" என்றாள். "சரி சாமி" என்றேன்.

அந்த வைலை நானும் ஒருதரம் அடித்துப் பார்க்கிறேனே என்று கேட்க வாய் வரவில்லை.