கொஞ்சம் கம்மியாகப் பார்ப்போம்

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே அப்பா, அக்கா, நான் மூவரும் சுகம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் தேவலை. மாடி ஏறிவிடுகிறார், இறங்கத்தான் யோசிக்கிறார். போன வாரம் போனில் என் குரல் சரியில்லை என்றாயே, காரணம் ஆபீஸ்தான். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தண்ணீருக்குள் மிதக்கும் தங்கத் துகள்களைப் படம் பிடிக்க வருடக்கணக்கில் முட்டிக்கொண்டிருக்கிறேன் இல்லையா, வெள்ளிக்கிழமைக்குள் உருப்படியாக ஒரு படம் வராவிட்டால் இந்த வேலையை மூடிவிட்டு இயந்திரத்தை உலோகம் ஆராய்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லிவிட்டார்.

இயந்திரத்துக்குள் காற்றே கிடையாது, தண்ணீரைத் திறந்து வைத்தால் ஆவியாகிவிடும். அதனால் சன்னல் என்று நாங்கள் சொல்லும் இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே ஒரு துளியை அடைத்து வைப்போம். சன்னல் வெளிப்பக்கமாக உப்பிக்கொள்ளும், நடுவில் தண்ணீர் தடிக்கும், படம் மங்கும். மங்கினால் எலெக்ட்ரான் கதிரைக் கூட்டுவோம். கூட்டினால் தண்ணீர் குமிழி விடும். என்னோடு வேலை செய்கிறவளுக்கு சோடா என்றே பெயர் வைத்துவிட்டார்கள், அவள் தொட்ட துளியெல்லாம் பொங்குகிறதாம். ஒரு தடவை குமிழியைப் பார்த்துத் துகள்தான் வளர்கிறது என்று நம்பி எல்லோருக்கும் இனிப்பு வேறு கொடுத்தோம்.

வியாழக்கிழமை சோடா அலுத்துப்போய், "மேடம், நாம பார்க்கிறதாலதான் அது பொங்குது, கொஞ்சம் கம்மியா பார்ப்போமா" என்றாள். கதிரை வெகுவாகக் குறைத்தோம். நடுவை விட்டுவிட்டு, சன்னல் அதிகம் உப்பாத மூலைக்குப் போனோம். திரையில் மணலை வாரி இறைத்த மாதிரி இருந்தது. அடுத்தடுத்த படங்களைக் கணினியில் சிலசிலவாக ஒன்றன்மேல் ஒன்று சேர்த்து ஓட்டினோம். மணல் அடங்கியது. இரண்டு துகள்கள். மெதுவாகத் திரும்பின, நெருங்கின, ஒட்டிக்கொண்டன. மறுநாள் நின்றபடியே பார்க்க வந்த தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொரு தடவை ஓட்டுங்க என்றார். அவ்வளவுதான். உலோகக்காரர்கள் காத்திருப்பார்கள்.

வீட்டில் சொன்னதும் அக்கா சிரித்தாள். "தம்பிகிட்ட நீங்க பண்றதும் அதேதாம்மா, போனை எடுத்ததும் இருபது கேள்வி, அவன் பொங்காம என்ன செய்வான்." அதனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஒன்றும் கேட்கமாட்டேன். போனை அடுப்படி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு நீ பாட்டுக்குச் சமை. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்கவேண்டும். குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள். இது கேள்வி இல்லை.

உன்
அம்மா