ஜமுக்காளத்துக்கு இடப்பக்கம்

1996 ஏப்ரல் 16, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். மோர்மிளகாய் மாடியில் காயப்போட்டாயிற்று. பிறகு இரண்டாங்கட்டு முற்றத்தில் ஏழாம் நம்பர் கோல்ஃப் ஸ்டிக்கோடு அரைமணி. தூண்களுக்கு நடுவே கயிறு கட்டி ஜமுக்காளம் தொங்கவிட்டிருக்கிறேன். பந்து அதில் பட்டுத் தொப்பென்று விழும். வீட்டுக்குச் சேதமில்லை.

இன்றும் எல்லாப் பந்தும் வலப்பக்கமே. ஒன்று ஜமுக்காளத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. வழக்கம்போல இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்திக் கட்டினேன்.

மலேசியாவில், ஈப்போவில் இருந்தவரை இந்தக் கோணல் கிடையாது. அங்கே வீட்டுக்காரருக்குக் கடை, எனக்குக் கோல்ஃப். இவரும் சில நாள் ஆடிப் பார்த்தார், முதுகு பிடித்துக்கொண்டது, விட்டார். ஊருக்கு வந்தபின் கோல்ஃப் பையைப் பார்த்தவர்கள் எல்லாரும் அது இவருடையது என்றே நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

மே மாதம் கொடைக்கானலில் பெண்கள் போட்டி. திங்கட்கிழமைக்குள் பேர் கொடுக்க வேண்டும். ஆசை கொள்ளை. ஆட்டம் இந்த லட்சணம்.

ஏப்ரல் 17, புதன்

நிலைக்கண்ணாடி முன் நின்று மெதுவாக வீசிப் பார்த்தேன். குற்றம் கையில்தான். பந்தைத் தொடும் நேரத்தில் வலது முன்கை இடது முன்கையின் மேல் புரண்டு வர வேண்டும். ஸ்டிக்கின் தலை கைகளை முந்திக்கொண்டு ஓட வேண்டும். நான் விடுவதே இல்லை, இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறேன். ஸ்டிக்கின் அடிக்கும் முகம் திறந்தபடியே இருந்தால் பந்து வலப்பக்கம் போகாமல் வேறு எங்கே போகும்?

ஏன் இறுக்கம்? எதையாவது உடைத்துவிடுவேனோ என்ற பயம். தனி வீடென்றால் சரி. இது பங்காளிகள் எல்லாருக்கும் பொது. ஒரு ஓடு மாற்றவே மெட்ராஸ், பினாங்கு என்று எல்லாரையும் கேட்க வேண்டும்.

இவர் பார்த்துவிட்டுச் சொன்னது: “மம்பட்டியப் புடிச்ச மாதிரில்ல புடிச்சிருக்கே. அது என்ன ஓடியா போகப் போகுது?”

நாளைக்கு:
– இடது கையில் கடைசி மூன்று விரல் மட்டும் அழுத்தம். வலது கை சும்மா.
– காலைச் சேர்த்து வைத்து அரை வீச்சு.
– அடித்து முடிக்கையில் ஸ்டிக்கின் மூக்கு வானத்தைப் பார்க்க.
– உளுந்து ஊறவைக்க.

தெருவில் ஓட்டுக் கேட்டு ஜீப். மத்தியானம் முழுக்க மைக். தலைவலி.

ஏப்ரல் 18, வியாழன்

கண்ணாடி போயிற்று.

முதலில் சந்தோஷத்தை எழுதிவிடுகிறேன். அரை வீச்சில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். விரல் இளகியிருந்தது. ஒரு பந்தில் கை தானாகப் புரண்டது. அடித்த அதிர்வே இல்லை. பந்து நேரே போனது, குறி வைத்த இடத்துக்கே. ஆனால் நேரே ஜமுக்காளம் இல்லை! கோணல் பந்துக்காக நகர்த்தி நகர்த்தி அது வலது தூணருகே போய்விட்டிருந்தது. பந்து அதற்கு இடப்பக்கமாக ஏறி, மூத்த பங்காளி சொக்கலிங்க அண்ணன் வீட்டு அறைக்கதவுக்கு மேல் இருந்த பச்சைக் கண்ணாடியில்.

அண்ணன் மனைவி உமையாள் ஆச்சி ஓடிவந்தார்கள். நான் ஸ்டிக்கோடு நிற்கிறேன். என்னைப் பார்க்கவே இல்லை. குளித்துவிட்டு வந்த இவரைப் பார்த்து, “அண்ணாமலை, என்னத்தப்பா ஒடச்சே?”

இவர் ஈரத்துண்டோடு, “தெரியாமப் பட்டுருச்சு ஆச்சி.”

அறைக்குள் வந்து என்னிடம்: “ஒன்னையச் சொன்னா பேச்சு நீளும். நான் வாங்கிக் கட்டிக்கிறேன், விடு.”

நல்ல மனசு. ஆனாலும் எனக்கு எரிச்சல். ஊர் திரும்பியபின் நான் அடித்த ஒரே நல்ல பந்து, அதுவும் இவர் கணக்கில்.

ஏப்ரல் 20, சனி

மானகிரிப் பக்கம் வற்றிய கண்மாய்க்கு ஸ்கூட்டரில் போனோம். வியாழன் அடித்தது குருட்டாம்போக்கா, நிஜமா என்று தெரிய வேண்டும். நிஜம். முதல் சிலது இடப்பக்கம் வளைந்தன, கையை அவசரமாகப் புரட்டிவிட்டேன். உடம்பு திரும்பினால் கையும் பின்னாலேயே வருகிறது, தனியே புரட்ட வேண்டியதில்லை. அப்புறம் வரிசையாக நேர். இவர் கருவேல முள்ளில் பந்து பொறுக்கி வேட்டியைக் கிழித்துக்கொண்டார்.

“நேராப் போகுதே!” என்று இவர் வாய் பிளந்ததை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஓடு மாற்றுவது பற்றிப் பேசப் பங்காளிகள் கூடினார்கள். அதைப் பேசி முடித்ததும் கண்ணாடி. அண்ணன் கத்தவில்லை, அமைதியாகவே சொன்னார்: “அண்ணாமலை, வயசாச்சு, வெளையாட்டு போதும். மெட்ராசில தம்பி மகன் கேட்டான். அந்தப் பைய அவன்கிட்டக் குடுத்துரு.”

இவர், “சரிண்ணே.”

பதறிவிட்டது. காப்பித் தட்டைக் கீழே வைத்தேன்.

“அண்ணே, அது அவுக பையி இல்ல. என்னோடது. கண்ணாடிய ஒடச்சதும் நான்தான்.”

உமையாள் ஆச்சிதான் முதலில்: “நீயா? பொம்பள அடிச்சா அம்புட்டு ஒசரம் போகுமாத்தா?”

ஸ்டிக்கை எடுத்துவந்து, பந்தில்லாமல் ஒரு வீச்சு. காற்று கிழிகிற சத்தம். அண்ணன் காப்பி டம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். இவர் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்.

ஆச்சி கிட்ட வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்கள். “கடைசீல கையப் பொரட்டுறியே, அது எதுக்கு?”

“பொரட்டலேன்னா பந்து கோணலாப் போகும் ஆச்சி.”

“அன்னைக்கு நேராப் போயிருக்கு,” என்றார்கள் அண்ணனைப் பார்த்து.

தீர்ப்பு: வீட்டுக்குள் இனிப் பந்து கூடாது. பச்சைக் கண்ணாடி தேடுவது என் பொறுப்பு. பை இங்கேயே இருக்கலாம்.

ஏப்ரல் 22, திங்கள்

லேசாக மேகம். எஸ்.டி.டி. பூத்தில் கூட்டம். கொடைக்கானல் லைன் கிடைக்க வெகுநேரம். பேரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். எழுதிக்கொண்ட ஆள் கேட்டார்: “சார் பேரும்மா?”

“அவுக பை தூக்க வர்றாக. அதுக்கும் பேரு வேணுமா?”